மார்பகப் புற்றின் பரவலில் உயிரணு வளர்சிதை மாற்றத்தின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

மார்பகப் புற்றால் நேரும் உயிரிழப்புகளிற் பெரும்பாலானவை மார்பில் முதலில் தோன்றிய கட்டியால் நேர்வன அல்ல. அக்கட்டியினின்று நீங்கி எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகிய உறுப்புகளிற் குடியேறும் உயிரணுக்களாலேயே அவை நேர்கின்றன. புற்றுயிரணு சர்க்கரையை மிகுதியாக உட்கொள்கிறது என்னும் செய்தி தமிழில் பரவலாக அறியப்பட்டது. ஆயினும் வளரும் உயிரணுவின் தேவையும் பெயரும் உயிரணுவின் தேவையும் ஒன்றல்ல என்பது போதிய அளவு எடுத்துரைக்கப்படவில்லை. பரவலின் ஒவ்வொரு கட்டத்திலும் உயிரணு தன் வளர்சிதை மாற்றத்தை எவ்வாறு மாற்றிக்கொள்கிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. நோயாளரின் உணவு குறித்த சில நம்பிக்கைகளையும் அவ்விளக்கத்தின் ஒளியில் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: மார்பகப் புற்று, வளர்சிதை மாற்றம், அனுசேபம், இழைமணி, கிளைக்கட்டி, வார்பர்க் விளைவு.

முன்னுரை

உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்று கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 6,70,000 பேர் இந்நோயால் இறந்தனர். உயிர்வாழ்வுக்கு மார்பு இன்றியமையாத உறுப்பன்று. கட்டி மார்பின் எல்லைக்குள் நிற்கும் வரை அறுவையாலும் கதிர்வீச்சாலும் அதனை நீக்க இயலும். எல்லை கடந்தபின் மருத்துவத்தின் கை தளர்கிறது. ஆகவே இந்நோயைப் பற்றிய வினாக்களுள் தலையாயது, கட்டி ஏன் தோன்றுகிறது என்பதைக் காட்டிலும் உயிரணு ஏன் பெயர்கிறது, பெயர்ந்தபின் எவ்வாறு பிழைக்கிறது என்பதே எனலாம்.

இவ்வினாவுக்கு மக்களிடையே வழங்கும் விடை ஒன்று உண்டு. சர்க்கரையே புற்றின் உணவு. அதனை அறவே நீக்கினால் புற்று பட்டினியால் மடியும் என்பது அது. நோயுற்ற பலர் இதனை நம்பிச் சோற்றையும் பழத்தையும் ஒதுக்கி, மருந்தைத் தாங்கும் வலுவையும் இழக்கின்றனர். இந்நம்பிக்கை வெறும் கற்பனையன்று. இதன் அடியில் நூறாண்டுப் பழமையுடைய ஓர் அறிவியல் உண்மை கிடக்கிறது. அவ்வுண்மை எவ்வளவு தொலைவு செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது. முதலில் தோன்றிய கட்டி ‘முதற்கட்டி’ எனவும், பிற உறுப்பிற் பின்னர்த் தோன்றுவது ‘கிளைக்கட்டி’ எனவும் இக்கட்டுரையிற் சுட்டப்பெறும்.

சொல்லும் பொருளும்

தமிழகப் பாடநூல்கள் ‘வளர்சிதை மாற்றம்’ என வழங்குவதை ஈழத்துப் பாடநூல்கள் ‘அனுசேபம்’ என வழங்குகின்றன. அவ்வாறே இங்கே செல் எனவும் உயிரணு எனவும் வழங்குவது அங்கே ‘கலம்’ ஆகும். ‘அனுசேபம்’ சுருக்கமானது, வாக்கியத்தில் எளிதில் அமைவது. ‘வளர்சிதை மாற்றம்’ நீண்டது. அடைமொழி ஏற்கும்போது இடர் தருவது. ஆயினும் இக்கட்டுரைப் பொருளுக்கு அச்சொல்லே பெரிதும் பொருந்துகிறது. சிறு மூலக்கூறுகளைக் கொண்டு உயிரணு தன் உடலைக் கட்டுவது வளர்மாற்றம். பெரு மூலக்கூறுகளைச் சிதைத்து ஆற்றல் பெறுவது சிதைமாற்றம். இவ்விரண்டும் ஒரு சொல்லுள் அடங்கியிருப்பதால், உயிரணு உண்ணும் உணவு எரிபொருளாகவும் கட்டுமானப் பொருளாகவும் இருவகையிற் பயன்படுகிறது என்னும் குறிப்பு சொல்லிலேயே அமைந்துவிடுகிறது. ‘சர்க்கரை புற்றின் உணவு’ என்னும் தொடர் முதற்பயனை மட்டுமே கண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறது.

வார்பர்க் கண்டதும் கருதியதும்

செருமானிய உயிர்வேதியியலார் ஓட்டோ வார்பர்க் 1920களிற் பெர்லினில் எலியின் கட்டிகளை மெல்லிய சீவல்களாக்கி, அவை எவ்வளவு ஆக்சிசன் உட்கொள்கின்றன, எவ்வளவு லாக்டிக் அமிலம் வெளியிடுகின்றன என அளந்தார். இயல்பான திசுக்கள் ஆக்சிசன் கிடைக்கும்போது குளுக்கோசை முற்றிலும் எரித்துவிடும். ஆக்சிசன் கிடையாதபோது மட்டுமே அதனைப் பாதிவழியில் நிறுத்தி லாக்டிக் அமிலமாக்கும். கட்டியின் உயிரணுக்களோ ஆக்சிசன் நிறைந்திருந்தும் குளுக்கோசிற் பெரும்பகுதியை லாக்டிக் அமிலமாகவே வெளியேற்றின. பின்னாளில் இதற்கு ‘வார்பர்க் விளைவு’ என்று பெயரிடப்பட்டது.

கணக்களவில் இது வீண்செலவாகத் தோன்றும். ஒரு குளுக்கோசு மூலக்கூறு பாதிவழியில் நின்றால் உயிரணுவுக்குக் கிடைக்கும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறுகள் இரண்டே. இழைமணியில் முற்றிலும் எரிந்தால் ஏறத்தாழ 30 கிடைக்கும். இவ்வீண்செலவுக்கு வார்பர்க் தந்த காரணம், புற்றுயிரணுவின் மூச்சுப்பொறியே பழுதுற்றுவிட்டது என்பது. 1956ஆம் ஆண்டிலும் அவர் இக்கருத்தை வற்புறுத்தி எழுதினார். அதே ஆண்டில் சிட்னி வைன்ஹவுஸ், பல புற்றுயிரணுக்களில் இழைமணி நன்றாகவே இயங்குகிறது என்று சான்றுகாட்டி மறுத்தார். இன்றைய அறிவு வைன்ஹவுசின் பக்கமே நிற்கிறது. வார்பர்க் அளந்தது சரி. அளவைக்கு அவர் உரைத்த பொருள் தவறு.

வீண்செலவு போலத் தோன்றுவது உண்மையிற் கட்டுமானச் செலவு. இரண்டாகப் பிளவுறும் உயிரணு மரபணுப்பொருள், சவ்வு, புரதம் அனைத்தையும் இருமடங்காக்க வேண்டும். குளுக்கோசு சிதையும் வழியின் இடைநிலைகளினின்று பிரியும் கிளைவழிகள், நியூக்ளிக் அமிலத்துக்கு ரைபோசையும், புரதத்துக்குச் செரைன் போன்ற அமினோ அமிலங்களையும், சவ்வுக்குக் கொழுப்பின் கூறுகளையும் தருகின்றன. விரைந்து பெருகும் உயிரணுவுக்கு ஏடிபியினும் இவையே அரியன.

குளுக்கோசின் மீதான இவ்வேட்கையே பெட் அலகீட்டின் அடிப்படை. 110 நிமிட அரைவாழ்வுடைய புளூரின்-18 பொருத்திய குளுக்கோசு போன்றதொரு மூலக்கூறு உடலுக்குட் செலுத்தப்படும். அதனை மிகுதியாக உட்கொண்ட இடங்கள் படத்தில் ஒளிரும். ஒளிரும் அப்படத்தைக் கண்ட நோயாளர், சர்க்கரை உண்டால் அவ்விடம் வளரும் என்று அஞ்சுவது இயல்பே. ஆனால் உணவிற் சர்க்கரையை நீக்கினாலும் கல்லீரல் புரதத்தினின்றும் லாக்டிக் அமிலத்தினின்றும் குளுக்கோசை ஆக்கிக் குருதியின் அளவைக் காத்துவிடும். உணவை நிறுத்துவதாற் கட்டிக்குச் செல்லும் குளுக்கோசை நிறுத்த இயலாது.

பெருகுவதும் பெயர்வதும்

கட்டி என்பது ஒரே தன்மையுடைய உயிரணுக்களின் குவியலன்று. குருதிநாளத்தை ஒட்டியவை ஒருவிதமாகவும் உள்ளே ஆக்சிசன் குன்றிய பகுதியில் உள்ளவை வேறுவிதமாகவும் வாழ்கின்றன. இவ்வேறுபாடு பரவலோடு தொடர்புடையது என்பதை அண்மை ஆய்வு ஒன்று வியப்புக்குரிய முறையில் வெளிப்படுத்தியது.

குளுக்கோசினின்று செரைன் ஆக்கும் கிளைவழியின் முதல் நொதி பி.எச்.ஜி.டி.எச். எனப்படும். மார்பகப் புற்றின் சில வகைகளில், சிறப்பாக ஈத்திரோசன் ஏற்பி இல்லாத வகையில், இந்நொதி மிகுந்திருப்பதும் அதனை ஒடுக்கினால் உயிரணுப் பெருக்கம் குன்றுவதும் 2011இல் அறியப்பட்டன. ஆகவே இந்நொதியைத் தடுக்கும் மருந்து புற்றைத் தடுக்கும் என்னும் எதிர்பார்ப்பு எழுந்தது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் சாரா-மரியா ஃபென்ட் தலைமையில் இயங்கும் ஆய்வுக்குழு 2022இல் வெளியிட்ட முடிவு இவ்வெதிர்பார்ப்பைச் சிக்கலாக்கிவிட்டது. ஒரே முதற்கட்டிக்குள் இந்நொதி மிகுந்த உயிரணுக்களும் குன்றியவையும் கலந்திருந்தன. மிகுந்தவை பெருகின, குன்றியவை மெதுவாகப் பெருகினும் கட்டியை விட்டு நீங்கும் இயல்பு பெற்றிருந்தன.

இதன் காரணமும் விளக்கப்பட்டது. நொதி குன்றியபோது குளுக்கோசின் ஒரு பகுதி வேறொரு கிளைவழியில் திரும்பிச் சியாலிக் அமிலமாகிறது. சியாலிக் அமிலம் என்பது உயிரணுவின் மேற்பரப்புப் புரதங்களின் நுனியில் அமையும் ஒருவகைச் சர்க்கரை. இன்டெக்ரின் எனப்படும் பற்றுப்புரதங்களின் மீது அது மிகுதியாகப் படியும்போது உயிரணுவின் நகர்ச்சியும் ஊடுருவலும் கூடுகின்றன. எரிபொருளாகவோ கட்டுமானப் பொருளாகவோ செல்ல வேண்டிய குளுக்கோசு இங்கே உயிரணுவின் புறத்தோலை மாற்றும் பொருளாகிவிடுகிறது. சியாலிக் அமிலம் படிவதைத் தடுத்தபோது எலிகளிற் பரவலும் தடைப்பட்டது.

இம்முடிவின் மருத்துவப் பொருள் எளிதன்று. கட்டி சுருங்குவதையே வெற்றியாகக் கொண்டால், பெருகும் உயிரணுக்களை ஒடுக்கிவிட்டுப் பெயரும் உயிரணுக்களை விட்டுவைத்த மருந்தும் வெற்றியாகவே தோன்றும். கட்டி முழுவதையும் அரைத்து நொதியின் சராசரி அளவைக் காணும் முறை இவ்வேறுபாட்டைக் காட்டாது.

பற்றுக்கோடு இழந்த உயிரணு

இயல்பான மார்பக உயிரணு தன்னைச் சூழ்ந்த புரத வலையைப் பற்றியே வாழ்வது. பற்றுவிட்டால் அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பரவலுக்கு எதிராக உடல் அமைத்த முதல் அரண் இது. ஆர்வர்டு மருத்துவக் கல்வி நிறுவனத்தில் ஜோன் புருகே குழுவினர் 2009இல் இவ்வரணின் வளர்சிதைப் பக்கத்தை விளக்கினர். பற்றிழந்த மார்பக உயிரணு குளுக்கோசை உட்கொள்ளும் திறனை இழக்கிறது. அதன் ஏடிபி இருப்புக் குறைகிறது. ஆக்சிசனேற்றக் கேடும் மிகுகிறது. ஹெர்2 என்னும் புற்றுமரபணு மிகுந்த உயிரணுக்களோ பற்றிழந்த பின்னும் குளுக்கோசை ஏற்று உயிர்தரித்தன.

அவ்வாய்வில் வேறொரு முடிவும் இருந்தது. புற்றுமரபணுவின் துணையின்றி, ஆக்சிசனேற்றத் தடுப்புப் பொருள்களைச் சேர்த்தபோதும் பற்றிழந்த உயிரணுக்களின் ஏடிபி மீண்டது. குளுக்கோசு உட்செல்லாமலே, கொழுப்பமிலங்களை எரித்து அவை பிழைத்தன. ஆக்சிசனேற்றத் தடுப்பான்கள் புற்றைத் தடுக்கும் என்று மாத்திரை விளம்பரங்கள் உரைப்பதற்கு இது நேர்மாறானது. தொடக்கத்தில் மரபணுப்பொருளைக் கேட்டினின்று காக்கும் பொருளே, பின்னர்ப் பெயரும் புற்றுயிரணுவையும் காக்கக்கூடும். வேதிமருத்துவம் பெற்ற 1,134 மார்பகப் புற்று நோயாளரைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வொன்றில், மருத்துவத்துக்கு முன்னும் மருத்துவத்தின்போதும் இத்தகைய மாத்திரைகளை உட்கொண்டோரிடம் நோய் மீளும் போக்கு கூடுதலாகக் காணப்பட்டது. அவ்வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை என்பதையும் உடன் கூறவேண்டும். எனினும் மருத்துவரைக் கேளாமல் அவற்றை உட்கொள்ளலாகாது எனக் கூற இவ்வளவே போதும். காயும் பழமும் உண்பது வேறு. செறிவூட்டிய மாத்திரை உண்பது வேறு.

குருதியிற் புகுந்த உயிரணுவின் நிலை இன்னும் கடினமானது. எலிகளின் குருதியிற் செலுத்தப்பட்ட புற்றுயிரணுக்களில் ஒரு விழுக்காட்டினும் மிகக் குறைந்தவையே கட்டியாக வளர்கின்றன என்பதை ஐசையா ஃபிட்லர் 1970இலேயே தோல்நிறமிப் புற்றைக் கொண்டு காட்டினார். பிழைப்பவை எவ்வாறு பிழைக்கின்றன? ரகு கல்லூரி தலைமையிலான குழு 2014இல், எலியின் மார்பகப் புற்றினின்று நீங்கிக் குருதியிற் சுற்றும் உயிரணுக்களைப் பிரித்தெடுத்து முதற்கட்டியின் உயிரணுக்களோடு ஒப்பிட்டது. சுற்றும் உயிரணுக்களில் பி.ஜி.சி-1 ஆல்பா என்னும் புரதம் மிகுந்திருந்தது. இழைமணிகளைப் பெருக்கும் கட்டளை அப்புரதத்தின் பணி. அதனை ஒடுக்கியபோது முதற்கட்டியின் வளர்ச்சி குன்றவில்லை, கிளைக்கட்டிகளே குறைந்தன. பழுதுற்றதென வார்பர்க் கருதிய அதே மூச்சுப்பொறியை நம்பியே உயிரணு பயணம் செய்கிறது. வளரும்போது பாதிவழியில் நிறுத்திய எரிப்பைப் பயணத்தின்போது முழுமையாக்கிக்கொள்கிறது என்று இதனைச் சுருங்கக் கூறலாம்.

நிலத்தின் பங்கு

லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889இல் மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பிணக்கூறாய்வுக் குறிப்புகளைத் தொகுத்தார். கல்லீரலிற் கிளைக்கட்டி இருந்தவர் 241 பேர். மண்ணீரலில் இருந்தவர் 17 பேர் மட்டுமே. இரண்டும் குருதி நிறைந்த உறுப்புகள். குருதியோட்டம் மட்டுமே காரணமாயின் இவ்வளவு வேறுபாடு தோன்றாது. விதை எங்கும் விழலாம், ஏற்ற நிலத்திலேயே முளைக்கும் என்பது அவர் தந்த விளக்கம். நிலத்தின் ஏற்பு என்பது யாது என்பதை அவர் காலத்து அறிவு சொல்ல இயலவில்லை. இன்று அதன் ஒரு கூறு உணவு என அறிகிறோம்.

நுரையீரலை எடுத்துக்கொள்வோம். அதன் திசு இடைநீரில் பைருவேட்டு என்னும் மூலக்கூறு குருதிநீரில் உள்ளதைவிட மிகுதி. பைருவேட்டு குளுக்கோசின் பாதிவழிப் பொருள். ஃபென்ட் குழுவினர் 2016இல், மார்பில் வளர்ந்தபோது பெரிதும் பயன்படாதிருந்த பைருவேட்டு கார்பாக்சிலேசு நொதியை நுரையீரலிற் குடியேறிய அதே உயிரணுக்கள் மிகுதியாகப் பயன்படுத்துவதைக் கண்டனர். 2019இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதனினும் நுட்பமானது. உட்கொண்ட பைருவேட்டைக் கொண்டு உயிரணு ஆல்பா-கீட்டோகுளூட்டரேட்டு என்னும் பொருளை ஆக்குகிறது. அப்பொருள், கொல்லாசன் புரதத்தை உறுதிப்படுத்தும் நொதியைத் தூண்டுகிறது. உறுதிபெற்ற கொல்லாசன் வலையைப் பற்றிக்கொண்டு உயிரணு வேரூன்றுகிறது. உண்டது உடலுக்காக மட்டுமன்றித் தான் வாழும் நிலத்தைத் திருத்துவதற்காகவும் ஆகிறது. எலிகளில் பைருவேட்டு உட்செல்வதைத் தடுத்தபோது நுரையீரற் கிளைக்கட்டிகளின் வளர்ச்சி குன்றியது. வைட்டமின் சி குறைவால் ஈறு கசியும் ஸ்கர்வி நோயில் செயலிழப்பதும் கொல்லாசனை உறுதிப்படுத்தும் இவ்வகை நொதியே. உடல் தன் திசுவைக் காக்கப் பயன்படுத்தும் கருவியைப் புற்றும் கைக்கொள்கிறது.

கல்லீரலின் நிலை வேறு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல், கல்லீரலிற் குடியேறும் மார்பகப் புற்றுயிரணுக்கள் எலும்பு, நுரையீரல் ஆகியவற்றிற் குடியேறுவனவற்றைப்போலன்றி, இழைமணியின் பணியைக் குறைத்து லாக்டிக் அமிலத்தை மிகுதியாக வெளியிடுவதைக் காட்டினர். பைருவேட்டு இழைமணியில் எரியும் வழியின் வாயிலை அடைக்கும் பி.டி.கே-1 நொதியே இதற்குக் காரணம். வார்பர்க் விளைவு இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. மூளையிலோ கொழுப்பு எளிதிற் கிடைப்பதில்லை. அங்கே வளரும் ஹெர்2 மிகுந்த உயிரணுக்கள் தமக்கு வேண்டிய கொழுப்பமிலங்களைத் தாமே ஆக்கிக்கொள்ள நேர்கிறது என 2021இல் அறியப்பட்டது.

ஒரே பெண்ணின் உடலில், ஒரே கட்டியினின்று பிறந்த உயிரணுக்கள் மூன்று உறுப்புகளில் மூன்று விதமாக வாழ்கின்றன. அவளுடைய ‘புற்றின் உணவு’ யாது என்னும் வினாவுக்கு ஒற்றை விடை இல்லாமற்போவது இதனாலேயே.

உணவும் மருந்தும்

ஆஸ்பராஜின் என்னும் அமினோ அமிலம் 1806இல் ஆஸ்பராகஸ் தண்டின் சாற்றினின்று பிரிக்கப்பட்டது. அமினோ அமிலங்களுள் முதலிற் பிரிக்கப்பட்டது இதுவே. சித்த மருத்துவத்தில் வழங்கும் தண்ணீர்விட்டான் அதே பேரினத்தைச் சார்ந்தது. கேம்பிரிட்ஜில் கிரகரி ஹேனன் குழுவினர் 2018இல், எலிகளில் ஆஸ்பராஜினைக் குறைத்தபோது மார்பக முதற்கட்டி வளர்ந்தே வந்தபோதிலும் பரவல் குறைந்ததை வெளியிட்டனர். அதனை ஆக்கும் நொதியை ஒடுக்கியும், குருதிப் புற்றுக்கு வழங்கும் ஆஸ்பராஜினேசு மருந்தைத் தந்தும், உணவில் அதனைக் குறைத்தும் ஒரே முடிவையே பெற்றனர். உயிரணு இடம்பெயரும் இயல்பைப் பெறத் துணைபுரியும் புரதங்களில் ஆஸ்பராஜின் மிகுந்திருப்பது ஒரு காரணமாகக் கூறப்பட்டது. செய்தித்தாள்கள் உடனே ஆஸ்பராகஸ் உண்ணலாகாது என்னும் அளவுக்குத் தலைப்பிட்டன. பருப்பு, பால், முட்டை, மீன், கொட்டைகள் எல்லாவற்றிலும் அது உண்டு. உடலே அதனை ஆக்கவும் வல்லது. ஒரு காயை விலக்குவதால் ஆவது ஒன்றுமில்லை. எலியாய்வு காட்டியது ஒரு வழியை. உணவுப் பட்டியலை அன்று.

எலியினின்று மனிதருக்கு வரும் தொலைவை மெட்ஃபார்மின் உணர்த்தியது. நீரிழிவுக்கு வழங்கும் இம்மருந்து இன்சுலின் அளவைக் குறைப்பது. இழைமணியின் இயக்கத்தையும் ஓரளவு ஒடுக்குவது. நீரிழிவு இல்லாத 3,649 மார்பகப் புற்று நோயாளருக்கு இம்மருந்தையோ போலி மாத்திரையையோ தந்து கனடா நாட்டினர் முன்னின்று நடத்திய ஆய்வின் முடிவு 2022இல் வெளியாயிற்று. நோய் மீளாது வாழும் காலம் இரு குழுவிலும் வேறுபடவில்லை. உடல் முழுமைக்கும் ஒரே அளவில் வளர்சிதை மாற்றத்தைத் தாழ்த்தும் முயற்சி, கட்டத்துக்குக் கட்டம் தன்னை மாற்றிக்கொள்ளும் உயிரணுவிடம் தோற்றதில் வியப்பில்லை என்பது கட்டுரையாளரின் கருத்து; அவ்வாய்வாளர் இவ்வாறு கூறவில்லை.

உணவுக்கு இடமே இல்லை என்றும் கூறலாகாது. பி.ஐ.3.கே. என்னும் நொதி மாறுதலுற்ற மார்பகப் புற்றுக்கு அல்பெலிசிப் என்னும் மருந்து 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அந்நொதி இன்சுலினின் கட்டளையை உயிரணுவுக்குள் கொண்டுசெல்வது. ஆகவே மருந்து அதனைத் தடுக்கும்போது குருதிச் சர்க்கரை ஏறுகிறது. அதனை ஈடுகட்டக் கணையம் இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. அவ்வின்சுலின் தடுக்கப்பட்ட வழியைக் கட்டிக்குள் மீண்டும் தூண்டுகிறது. மாவுச்சத்தை மிகக் குறைத்த உணவு எலிகளில் இச்சுழலை அறுத்து மருந்தின் பயனைக் கூட்டியது என 2018இல் அறியப்பட்டது. இங்கே மாவுச்சத்தைக் குறைப்பது கட்டியைப் பட்டினியிடுவதற்காக அன்று, இன்சுலினை அடக்குவதற்காக. வேறொரு மருந்து பெறும் நோயாளர் அதே உணவுமுறையைத் தாமாக மேற்கொண்டு உடல் மெலிந்தால், மருந்தின் அளவைக் குறைக்கவோ தவணையைத் தள்ளிவைக்கவோ நேரிடலாம். அவ்விடைவெளி புற்றுக்கே வாய்ப்பாகும்.